அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை

நேற்றுக் காலை பதினொன்றேகால் மணிக்கு, அதாவது என் கணக்கில் நட்டநடு ராத்திரியில், கிள்ளான் சித்தப்பா ஒரு படம் அனுப்பினார். ஓர் உள்ளங்கை, அதன் நடுவில் ஒரு மாத்திரை. சின்னது. வெள்ளை. சித்தப்பாவின் கை ஆடியதோ, மேலே காற்றாடி சுற்றியதோ, மாத்திரை இரண்டாகத் தெரிந்தது. கீழே ஒரு வரி: "இது என்ன மாத்திரைம்மா? அவசரமில்ல, தூங்கி எழுந்து சொன்னா போதும்." ஒரு நிமிடம்கூடப் போகவில்லை, போன் அடித்தது.

"மெசேஜ் பாத்தியா? தூங்கிட்டிருப்பேன்னு தெரியும். பாக்காம விட்டுடப் போறியேன்னுதான் கூப்பிட்டேன்."

ராத்திரி வேலை பார்க்கும் மருந்தாளுநர் என்ற முறையில் இந்த நாட்டு மக்களுக்கு முக்கியமான ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சித்தப்பாவின் மாத்திரை குறுக்கே வந்து விழுந்துவிட்டது. இதை இரண்டு பத்தியில் முடித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டிலும் அது இருக்கிறது, மறுக்காதீர்கள். அதற்குப் பெயர் கிடையாது. "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை", அவ்வளவுதான். உலகத்தில் மாத்திரைக்கு வண்ணம் பூசத் தெரியாமல் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை சிவப்பில் வருகிறது, ஃபோலிக் அமிலம் மஞ்சளில் வருகிறது. ஆனால் இதயம், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகம் என்று ஆளைக் கொல்லும் சமாச்சாரங்களுக்கு வரும்போது மட்டும் மருந்து செய்கிறவர்களுக்குச் சாயம் தீர்ந்துபோகிறது. பிசோபுரோலால், வெள்ளை, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும். ஃப்ரூசமைட், வெள்ளை, உடம்பில் தேங்கிய நீரை இறக்கும், நம் ஆட்கள் தண்ணி மாத்திரை என்பார்கள். கிளிக்கிளசைட், வெள்ளை, சர்க்கரையைக் குறைக்கும். பிரெட்னிசலோன், பெரும்பாலும் வெள்ளை. அதே சர்க்கரையை ஏற்றும். தைராய்டு மாத்திரை, சின்னது, வெள்ளை. அம்லோடிபின், வெள்ளை. டிகாக்சின், சின்னதிலும் சின்னது, வெள்ளை. அளவு கூடிப்போனால் வாந்தி வரும், சிலருக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். "மிஸ்ஸி, இப்ப அந்த வெள்ளை மாத்திரை மஞ்சளாத் தெரியுது" என்று ஒருவர் சொன்னால்தான் அது எந்த மாத்திரை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். ஆனால் அதற்குள் அவரை வார்டில் படுக்க வைத்திருப்பார்கள்.

இதெல்லாம் நேரில் வருகிறவர்கள் கதை. போனில் கேட்பவர்கள் தனி ரகம்.

"எவ்வளவு பெரிசு அங்கிள்?"

"இவ்ளோதான்."

மறுமுனையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அளவு காட்டிக்கொண்டிருக்கின்றன. நான் மரியாதையாக ஒரு வினாடி காத்திருக்கிறேன்.

"அதுல எழுத்து ஏதாவது போட்டிருக்கா?"

"இருக்கு. கண்ணாடி எங்கேயோ வெச்சுட்டேன்."

"நடுவுல கோடு?"

"கோடு இருக்கறதையா கேக்குற, இல்லாததையா?"

இந்த இடத்தில் போன் ஆன்ட்டியிடம் போகும். ஆன்ட்டி முதல் வரியிலேயே சொல்வார்: "அவர் சொல்றத நம்பாதம்மா, அது வெள்ளையே இல்ல, லேசா சந்தனக் கலரு." பின்னணியில் அங்கிள் சத்தம் போடுவார். நாற்பது வருஷத் தாம்பத்தியம் ஒரு மாத்திரையின் நிறத்தில் வந்து நிற்கும். காலையில் சாப்பிடும் சின்ன வெள்ளை ஒன்று, ராத்திரி சாப்பிடும் சின்ன வெள்ளை ஒன்று, பாதியாக உடைக்கும் சின்ன வெள்ளை ஒன்று, முன்பு உடைத்து இப்போது உடைக்காமல் விழுங்கும் சின்ன வெள்ளை ஒன்று, பக்கத்து வீட்டு அண்ணன் "எனக்கு நல்லா கேட்டுச்சு" என்று கொடுத்த சின்ன வெள்ளை ஒன்று. இந்த அட்டவணையை ஒப்பிக்கும்போது இருவரும் மறுபடி ஒற்றுமையாகிவிடுவார்கள்.

சரி, எழுத்தும் கோடும் வேண்டாம், அட்டையின் பின்பக்க அலுமினியத் தாளில் பெயர் இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அட்டையா? அட்டையை வைத்துக்கொண்டு மாத்திரை சாப்பிட நாம் என்ன வெள்ளைக்காரர்களா? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, எல்லாவற்றையும் உரித்து ஒரே டப்பாவில் கொட்டுவது. தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைத்த சிவப்பு மூடி டப்பா அதற்கென்றே பிறந்தது. முறுக்கு தீர்ந்தால் மருந்து, மருந்து தீருவதற்குள் அடுத்த தீபாவளி. நாவுக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையை நாங்கள் பழுப்புக் கண்ணாடிச் சீசாவில் கொடுப்பது அழகுக்கு அல்ல. உள்ளே இருப்பது நைட்ரோகிளிசரின், காற்றோடு போய்விடும் மருந்து. பிளாஸ்டிக்கில் போட்டால் பிளாஸ்டிக்கே அதை உறிஞ்சிக்கொள்ளும். சீசாவைத் திறந்தால் 8 வாரம்தான் அதற்கு ஆயுசு. அதை முறுக்கு டப்பாவில் கொட்டினால் நெஞ்சுவலி வரும் அன்றைக்கு டப்பாவுக்குத்தான் ரத்தக்குழாய் விரியும். 1867இல் இதே நைட்ரோகிளிசரினை அடக்கி டைனமைட் செய்தவர் ஆல்பிரட் நோபல். கடைசிக் காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த மருந்தும் அதுதான். விதி செய்யும் கிண்டலை நினைத்து அவரே நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பொறியாளர் படையில் பாலத்துக்கு வெடி வைத்த ஒரு பட்டாளத்து அங்கிளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப நாக்குக்கு அடியில வெச்சுட்டுத் தும்மலாமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

மறுபடியும் சொல்கிறேன், இன்னும் ஒரு பத்திதான்.

ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் பூ வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. "வர்ற வழிதானே" என்பார் அம்மா. வழியே இல்லை. துன் சம்பந்தன் சாலையில் காடியை எங்கே நிறுத்துவது என்பது வாழ்நாள் ஆராய்ச்சிக்குரிய தலைப்பு. அங்கே நான் வழக்கமாகப் பூ வாங்கும் ஒரு அக்கா இருக்கிறார். அவர் முன்னால் வாளி வாளியாக வெள்ளைப் பூ: மல்லிகை, முல்லை, சம்பங்கி, நந்தியாவட்டை. எல்லாமே வெள்ளை, பாதிக்கு மேல் சின்னது. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பிரித்து எடுத்துக் கட்டுவார். அவரிடம் போய் "அந்தச் சின்ன வெள்ளைப் பூ கொடுங்கக்கா" என்று கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பார். அதே அக்கா போன வாரம் பூ கட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்: "மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்க. சின்னது, வெள்ளை. அது எதுக்கு?" ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில் முருகன்தான் அன்றைக்கு என் வாயை அடைத்தார்.

நியாயமாகப் பேசினால் குற்றம் அவர்கள்மேல் மட்டும் இல்லை. பொட்டலத்தில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது, எப்படிச் சாப்பிடுவது என்பது மலாயில் இருக்கிறது, படிக்க வேண்டியவரோ தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். போதாக்குறைக்கு டெண்டர் மாறினால் மாத்திரையின் முகமும் மாறும். போன தடவை நீளம், இந்தத் தடவை வட்டம். போன தடவை மஞ்சள், இந்தத் தடவை, வேறென்ன, வெள்ளை. சுகாதார அமைச்சு 2007இல் "கெனாலி உபாட் அண்டா" என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தது. உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள் என்று மருந்தாளுநர்கள் ஊர் ஊராகப் போய், பேனர் கட்டி, பொட்டலத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அப்படி ஒரு சமூக மண்டபத்தில் நின்று தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். முன்வரிசைப் பாட்டி கடைசிவரை தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்தது என்ன என்று சொல்லவும் வேண்டுமா?

இப்போது ராத்திரி வேலை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், எனக்குப் பென்சன் வயது வர இன்னும் நாள் இருக்கிறது. ராத்திரியில் நானும் ஓர் உதவியாளரும்தான். பொறுப்பை மாற்றிக்கொள்ளும்போது முதலில் மார்ஃபின் பெட்டகத்தைத் திறந்து ஒவ்வொரு ஊசிமருந்துக் குப்பியாக எண்ண வேண்டும். 1952ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டத்துக்கு மணி என்ன, உனக்குத் தூக்கம் வருகிறதா என்ற கவலையெல்லாம் கிடையாது. ஏட்டில் உள்ள கணக்கும் பெட்டகத்தில் உள்ள கணக்கும் ஒத்துவராவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அதன்பிறகு போன். பயிற்சி டாக்டர்களான ஹவுஸ்மேன் பிள்ளைகள் கேட்கும் சந்தேகங்களுக்கு எனக்குப் பிடித்த நேரம் அதிகாலை மூன்று மணி. அந்த நேரத்தில்தான் அவர்கள் பணிவாக இருப்பார்கள். "சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யுது, இந்த ஆன்டிபயாட்டிக் எவ்வளவு போடலாம்?" என்பது நல்ல கேள்வி. "பேஷண்ட் வீட்டுல ஏதோ மாத்திரை சாப்பிடறாராம், சின்னதா, வெள்ளையா..." என்பது வழக்கமான கேள்வி. ஐந்து வருஷம் மருத்துவம் படித்த பிள்ளையும் பூக்கடை அக்காவும் ஒரே வரியில் வந்து நிற்கிறார்கள்.

வார்டில் சேருகிற நோயாளி வீட்டில் என்னென்ன சாப்பிட்டார் என்று விசாரித்து எழுத சிபி-1 என்று ஒரு படிவம் இருக்கிறது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டது, நாட்டு மருந்து உண்டா என்று கட்டம் கட்டமாக இருக்கும். படிவத்தைத் தயாரித்தவர்கள் நல்லவர்கள். நோயாளிக்குப் பெயர் தெரிந்திருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள்.

எங்களிடம் ராத்திரியில் வருகிறவர்களில் பழைய பட்டாளத்துக்காரர்கள் நிறையப் பேர். இராணுவத்தாருக்கென்று வங்சா மாஜுவில் துவாங்கு மிசான் மருத்துவமனை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நெஞ்சுவலி வங்சா மாஜு போய்ச் சேரும்வரை காத்திருக்காது. காப்பாரிலோ ரவாங்கிலோ ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டினால், பிள்ளைகள் எது பக்கமோ அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பென்சன் அட்டை இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. மற்றவர்களுக்கே வெளிநோயாளி பதிவுக்கு ஒரு வெள்ளிதான் என்றாலும், அந்த ஒரு வெள்ளியைத் தான் கட்ட வேண்டியதில்லை என்பதை மூச்சுத் திணறலுக்கு நடுவிலும் முகப்பில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டிரெச்சரில் படுப்பார்கள்.

தமிழர்கள் பெரும்பாலும் ரேஞ்சர் படையிலும் சிக்னல்ஸிலும் பொறியாளர் பிரிவிலும் இருந்தவர்கள். கம்யூனிஸ்டுகளோடு 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹட்யாயில் கையெழுத்தாகும்வரை தாய்லாந்து எல்லைக் காட்டில் இருந்தவர்கள் சிலர். 1993இல் மொகாடிஷுவில் மாட்டிக்கொண்ட அமெரிக்க ரேஞ்சர்களை மீட்கக் கோண்டோர் கவச வண்டியில் போன மலேசியப் படையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ஹாலிவுட்காரன் படம் எடுத்தபோது நம்மை ஓரமாக நிறுத்திவிட்டான் என்று சொல்லி எல்லோருமே கொதிப்பார்கள், அங்கே போகாதவர்களும் சேர்த்து. நம் ஆட்களே 2023இல் 'மால்பாட்' படம் எடுத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறார்கள். ரத்தக்கொதிப்பு அளவை எடுக்கும் நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்று தாதி மிஸ்ஸிகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இவர்களிடம் எனக்கு ஒரு தனிக் கோபம் உண்டு. இருபத்தோரு வருஷம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்கள், நில் என்றால் நின்றவர்கள், படு என்றால் சேற்றில் படுத்தவர்கள், "சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று" என்ற உத்தரவுக்கு மட்டும் கீழ்ப்படிய மாட்டார்கள். ஏன் என்று எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தா எனக்கு விளக்கினார். அவசரகாலத்தின் கடைசி வருஷங்களில் சேர்ந்தவர். காட்டுக்குள் மலேரியா வராமலிருக்க தினமும் பாலுட்ரின் விழுங்க வேண்டும். விழுங்கியதை கார்ப்பரல் முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

"அந்தக் காலத்துல கார்ப்பரல் இருந்தான், முழுங்கினேன். இப்ப யாரு இருக்கா?"

"பாட்டி இருக்காங்களே?"

"அவ ஸ்டிரைப் வாங்கலியே."

"சரி தாத்தா, அந்தப் பாலுட்ரின் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தூக்கிக் காட்டினார்.

ஒரே ஒருவர் மட்டும் விதிவிலக்காக வந்தார். ரேஞ்சர் படை, சார்ஜண்ட். படுக்கையில் சாய்ந்திருந்தவர் நான் சிபி-1 படிவத்தோடு வருவதைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்து நீட்டினார். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே நோட்டு. பிரித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்கேல் வைத்துக் கோடு. இடப்பக்கம் நேரம்: 0600, 1400, 2200. மேலே தேதி. ஒவ்வொரு கட்டத்திலும் டிக், விட்டுப்போன இடத்தில் சிவப்பு மையில் காரணம்: "கல்யாண வீடு", "மறதி", "மகளோடு சண்டை". இப்படி ஒரு நோயாளிக்காகத்தானே மருந்தாளுநர் படிப்பே படித்தேன் என்று நினைத்துக்கொண்டே மருந்தின் பெயர் எழுதும் கட்டத்துக்கு வந்தேன்.

வெ.1. வெ.2. வெ.3. வெ.4. வெ.5. வெ.6.

"அங்கிள், இந்த 'வெ'?"

"வெள்ளை."

"வெ.3 எதுக்கு?"

"நெஞ்சுக்கு."

"வெ.5?"

"அதுவும் நெஞ்சுக்குத்தான். வெ.3-க்கு அது பேக்அப்."

"வெ.4-க்கு நாலு நாளா டிக் இல்லையே?"

சார்ஜண்ட் குரலைத் தாழ்த்தினார். "மிஸ்ஸிங் இன் ஆக்ஷன்."

மாத்திரை தீர்ந்துபோயிருக்கிறது, வாங்கப் போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் எந்த மாத்திரை? ராத்திரி மூன்று மணிக்கு மகளுக்குப் போன் போட்டு, குப்பைக் கூடையைக் கிளறச் சொல்லி, காலி அட்டை ஒன்றைக் கண்டுபிடித்தோம். பிசோபுரோலால். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த இதயம் முரண்டு பிடிக்கும். நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு வலி திரும்பி வரும். அன்று ராத்திரி அவர் எங்களிடம் வந்ததற்கு வெ.4 தான் காரணமாக இருக்க வேண்டும். படிவத்தில் பெயரை எழுதி, நோட்டிலும் வெ.4-ஐ அடித்துப் பெரிய எழுத்தில் தமிழில் பிசோபுரோலால் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, "வெ.4" என்று திருப்பி எழுதிக்கொண்டார். பழைய ஆவணங்களோடு ஒத்துப்போக வேண்டுமாம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே அரசாங்கம் பெரிய மருத்துவமனைக் கூட்டம் ஒன்றை நடத்துகிறது. 1990களில் கான்சாஸ் மாநிலத்து டொபீக்கா ஊரில், அப்படிப்பட்ட ஓர் ஆஸ்பத்திரித் தாதிக்கு ஒரு யோசனை வந்தது. வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஒருவர் கைக்கருவியால் பார்கோடைப் படிப்பதைப் பார்த்திருக்கிறார். காருக்கு முடிவது மருந்துக்கு முடியாதா? மாத்திரை உறையில் ஒரு கோடு, நோயாளியின் கைப்பட்டையில் ஒரு கோடு, இரண்டும் ஒத்துப்போனால்தான் மருந்து. டொபீக்காவில் ஆரம்பித்து அந்த நாட்டு முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் பரவியது. அருமையான யோசனை. நம் ஊருக்கு அதில் உள்ள ஒரே சிக்கல், கோடு இருப்பது உறையில். நாம் முதலில் செய்வது உறையை உரிப்பது.

நாலு மணிக்குப் பசிக்கும். உதவியாளர் எதிரில் உள்ள மாமாக் கடையிலிருந்து தாப்பாவ் வாங்கி வருவார்: ரொட்டி சானாய், ஆட்டுக்கறிக் குழம்பு, கொதிக்கக் கொதிக்கத் தே தாரிக். 2007இல், ஆமாம், நாங்கள் பேனர் கட்டிய அதே வருஷம், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம், உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை, அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கும் என்ற 2ஏ பட்டியலில் சேர்த்தது. ஆடு, மாடு முதலான சிவப்பு இறைச்சியை 2015இல் அதே பட்டியலில் போட்டார்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை அதற்கு அடுத்த வருஷம் சேர்த்தார்கள். ஆக, நாலு மணிக்கு நான் சாப்பிட உட்காரும்போது ரொட்டியைத் தவிர மேசையில் இருப்பது எல்லாமே 2ஏ. மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதும் 2ஏ.

காலையில் வீட்டுக்குப் போவது மட்டும் ஒரு சுகம். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊரே கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நகர்ந்துகொண்டிருக்கும், நான் மட்டும் எதிர்ப்பக்கம் காலியான சாலையில் போவேன். அந்தச் சுகமும் லிஃப்ட் வரைக்கும்தான். "இப்பதான் வர்றியாம்மா? பசியாறிட்டியா?" என்று கேட்கும் ஆன்ட்டியின் கண் என் கசங்கிய சட்டையில் இருக்கும். ராத்திரி வேலை என்று பல தடவை சொல்லியாகிவிட்டது. "அப்ப பகல்ல சும்மாதானே இருப்ப?" என்று கேட்டு, தபால் அலுவலக வேலை ஒன்றைக் கையில் திணிப்பார். பகலில் சும்மா இருப்பவள் என்று பெயர் வாங்கியதிலிருந்து சொந்தக்காரர்கள் வீட்டு காஸ் சிலிண்டருக்கும் கூரியர்க்காரருக்கும் பிளம்பருக்கும் நான்தான் கதவு திறக்கிறேன். பெயர் சூட்டு விழா, நலுங்கு, பதினொரு மணி அபிஷேகம், எல்லாவற்றுக்கும் "நீ ஃப்ரீதானே". இதே ஆட்களை நான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, "சும்மாதானே படுத்திருக்கீங்க, ஒரு படிவம் நிரப்பணும்" என்று சொன்னால் என்ன ஆகும்? ஒரு நாள் செய்யத்தான் போகிறேன்.

இதெல்லாம் போதாதென்று மேல்மாடி வீடு. புதிதாக வாங்கியவர் சீரமைக்கிறார். சீரமைப்பு என்றால் இடித்துவிட்டு யோசிப்பது. லிஃப்ட் பக்கத்தில் நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: துளையிடும், உடைக்கும் வேலைகள் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும், குடியிருப்போரின் உறக்கம் கெடாதிருக்க. நேராக அலுவலகத்துக்குப் போய், நானும் குடியிருப்போரில் ஒருத்தி, என் உறக்கம் சரியாக 9 முதல் 5 வரைதான் என்றேன். அங்கிருந்தவர் அறிவிப்பை மறுபடி ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டினார். ராத்திரியில் ஒரு சத்தமும் வராது என்று உறுதியும் கொடுத்தார்.

நிர்வாகத்தைவிட எனக்குப் பிடித்தவர் ராத்திரி கேட்டில் இருக்கும் காவலாளி அங்கிள். அவரும் ரேஞ்சர். பத்து வருஷத்தில் வெளியே வந்துவிட்டதால் பென்சன் கிடையாது. அறுபதைத் தாண்டியும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறார். இவரைப் போலப் பென்சன் இல்லாமல் வெளியே வந்து, ஏதோ ஒரு கேட்டில் கம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கிறார்கள். காடியை உள்ளே விடும்போது யாராவது அவர்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் நல்லது. நேற்று ராத்திரி நான் வேலைக்குக் கிளம்பும்போது கையைக் காட்டி நிறுத்தினார். பையிலிருந்து ஒரு மருந்துப் பொட்டலத்தை எடுத்தார். என் வயிறு கலங்கியது. ஆனால் உள்ளே மாத்திரை அட்டையில் இருந்தது. பெயரோடு.

"சிம்வாஸ்டாடின்," என்று அவரே படித்தார். "ராத்திரி ஒன்னுன்னு போட்டிருக்கு. நான் ராத்திரி பூரா முழிச்சிருக்கேன், பகல்ல தூங்குறேன். எனக்கு எது ராத்திரிம்மா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது. ஈரல் கொழுப்பை அதிகம் தயாரிப்பது ராத்திரியில், இந்த மருந்து உடம்பில் கொஞ்ச நேரம்தான் தங்கும், அதனால்தான் ராத்திரி என்று போடுகிறோம் என்றேன். ஷிப்ட் அட்டவணையை ஈரல் உடனே ஒப்புக்கொண்டுவிடாது, அதனால் இப்போதைக்குப் பொட்டலத்தில் உள்ளபடி ராத்திரியிலேயே போடுங்கள், அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அட்டோர்வாஸ்டாடினுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள், அதை எந்த நேரத்திலும் சாப்பிடலாம் என்றேன். அவர் தலையாட்டி, நான் சொன்ன பெயரைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். ராத்திரி வேலை பற்றி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்கூட இதற்குப் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது. அதைச் சொல்ல இதுதான் சரியான இடம். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்டுவிட்டார்.

"என்னம்மா, தூக்கம் இல்லியா?"

மேல்வீட்டுக் கதையைச் சொன்னேன்.

"பதினாலாம் மாடியா? டைல்ஸ் லோரி காலையில எட்டரைக்கு வருமே, அந்த வீடா?"

"அதேதான் அங்கிள்."

கேட்டின் கம்பைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். "ஐ.சி. பாக்கணும். பேரு எழுதணும். லோரி நம்பர் எழுதணும். பெர்மிட் ஒரிஜினல் கேக்கணும், ஜெராக்ஸ் செல்லாது. சந்தேகம் வந்தா ஆபீஸுக்குப் போன் போடணும். ஆபீஸ்ல ஆளு போன் எடுக்கப் பத்தரை ஆகும்."

"ஆனா நீங்க ஏழு மணிக்கே வீட்டுக்குப் போயிடுவீங்களே?"

"பகல் ஷிப்ட் ஆளு சிக்னல்ஸ்ம்மா," என்றார் அங்கிள். "சொல்லிட்டுப் போறேன்."